முப்பத்திரண்டு செகண்டு

கொஞ்சம் நகந்து உக்காருங்க அண்ணாச்சி. போதும், போதும். ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க, எனக்கு வெளிய பாக்கதுக்கு ஒண்ணுமில்ல. டாண்ணு மூணு மணிக்கே பஸ்ஸ எடுத்துட்டான், நல்லதாப் போச்சி. நாலு மணிக்கு நான் வள்ளியூர் பஸ் ஸ்டாண்டுல நிக்கணும்.

ஆமா, வள்ளியூருக்குத்தான். ஏன், அதுக்கென்ன? இருங்க, நான் சொல்லி முடிச்சிருதேன், பொறவு நீங்க சொல்லுங்க. இந்தக் கண்டக்டரும் உங்கள மாதிரித்தான். நான் ஏறும்போது போன்ல பேசிக்கிட்டிருக்கேன், பக்கத்துல வந்து நின்னுக்கிட்டு என்னமோ சொல்லுதான், சொல்லிக்கிட்டே இருக்கான். போன்ல இருக்க மனுசன்கிட்ட பேசக்கூடாதுன்னு ஒரு நாகரிகம் வேண்டாமா? ரூபாய நீட்டினேன், தலைய ஆட்டினேன், சீட்டக் கிழிச்சிக் குடுத்துட்டுப் போயிட்டான். சட்டைப் பையில கெடக்கு. வாயத் தொறக்காம அவனவன் வேலையப் பாத்தா இந்த நாட்டுல பாதிப் பிரச்சினை தீந்துரும்.

எம் பேரு ஞானதிரவியம். ஊரு தூத்துக்குடி, அங்க இருந்து வந்து இந்தப் பஸ்ஸுக்கு மாறினேன். ஆபீஸ்களுக்கு இன்டர்நெட்டுல ஓடுத போன் போட்டுக் குடுக்கேன். முதலாளி, எஞ்சினியர், வேலைக்காரன் எல்லாம் நான் ஒருத்தன்தான். ஆள் வச்சிப் பாத்தேன், அண்ணாச்சி. ஒரு பய சொன்னதக் கேக்க மாட்டான். எல்லாத்தையும் அனுப்பிட்டேன்.

இப்ப வீட்டுக்காரியக் கூட்டத்தான் போறேன். எப்சி, எப்சிபான்னு பேரு. ஏழு வாரமா வள்ளியூர்ல அவ அண்ணன் வீட்டுல இருக்கா. சண்டை ஒண்ணும் கெடயாது. அடிச்சேனா, குடிச்சேனா? ஒரு நாள் சாயங்காலம் பைய எடுத்துக்கிட்டுப் போயிட்டா. ஏம்ட்டின்னு கேட்டா 'உங்ககிட்ட சொன்னேனே'ங்கா. எப்ப சொன்னா? எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல. நேத்து அவளே போன் போட்டா. 'நாளைக்கி நாலு மணிக்குப் பஸ் ஸ்டாண்டுல பையோட நிப்பேன். நீங்க வந்து கூப்பிட்டா வாரேன். நாலரைக்கி மேல நிக்க மாட்டேன். இங்கயே பள்ளிக்கூடத்துல வேலைக்கிச் சேந்துருவேன், பொறவு என்னயக் கூப்பிடாதீங்க'ன்னா. சரி வாரேன்னேன். அதுக்கப்புறமும் என்னமோ பஸ்ஸப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தா. அதுல ஏறாதீங்க, இதுல ஏறுங்கன்னு. நான் ஒரு ரூட்டரு செட்டிங்கப் பாத்துக்கிட்டிருந்தேன், அவளே வச்சிட்டா. பத்தொன்பது வருசமா மாமனார் ஊருக்குப் பஸ் ஏறுதவனுக்கு இவ பஸ் சொல்லித் தாறா.

ஏன் அண்ணாச்சி பதறுதீங்க? தண்ணி கிண்ணி வேணுமா? ஒண்ணுமில்லைல்லா, உக்காருங்க. முக்கா மணி நேரம் கெடக்கு, பேசிக்கிட்டே போவோம். ஆனா ஒண்ணு, நீங்க உம் கொட்டணும். உம் கொட்டாத ஆள்கிட்ட எனக்குப் பேச வராது. சுவத்துக்கிட்ட பேசுத மாதிரி இருக்கும். குறுக்க கேள்வி கேக்க வேண்டாம், உம் மட்டும் போதும். எங்க, ஒண்ணு கொட்டுங்க பாப்போம். ஆங், அப்படித்தான்.

நல்ல ஒரு ஆபீஸு என் கைய விட்டுப் போச்சி, ஒரு பொம்பளையால. அதத்தான் சொல்ல வாரேன்.

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்துல ஒரு கிளியரிங் ஆபீஸ். கப்பல்ல போற வார சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலையெல்லாம் முடிச்சிக் குடுக்கவங்க. முப்பத்தாறு போனு. முப்பத்தாறும் நான் போட்டது. முதலாளி பேரு கஸ்பார். நல்ல மனுசன்தான், ஆனா போன்னா காதுல வைக்கதுன்னு தெரியும், அதுக்கு மேல தெரியாது. அங்க போன் எடுக்கதுக்கு ஒரு அம்மா. பேரு முப்பிடாதி. அம்பது வயசு இருக்கும். இருபத்தாறு வருசமா அதே நாற்காலி, அதே ஜன்னல், அதே பிளாஸ்டிக் தண்ணி பாட்டில். நான் போட்டுக் குடுத்த போன்ல பதினாறு பட்டன் இருக்கு அண்ணாச்சி. அந்தம்மா அதுல மூணக் கண்டுபிடிச்சி, மிச்சத்துக்கு மேல ஒரு துணியப் போட்டு மூடி வச்சிருந்தா. கை பட்டுருமாம். இந்த லட்சணத்துல அவதான் என் வேலைக்கி மார்க்குப் போட்டா.

உங்களுக்குப் புரியாது, இருந்தாலும் சொல்லுதேன். இந்த இன்டர்நெட் போன்ல கூப்பிடுதது ஒரு வழி, பேசுதது ஒரு வழி. கூப்பிடுத வழிக்கிப் பேரு சிப்பு. சம்பந்தி வீட்டுல பேச்சு வார்த்தை நடத்துத மாதிரி வரிசையா மரியாதை உண்டு. கூப்பிடுதவன் 'வாறியா?'ம்பான். இந்தப் பக்கம் இருக்கவன் 'பொறு'ம்பான். அப்புறம் 'மணி அடிக்கு'ம்பான். போன எடுத்ததும் 'சரி'ம்பான். ஓகே. அத்தோட முடிஞ்சிதுன்னுதான நெனைக்கீங்க? முடியல. கூப்பிட்டவன் திரும்ப ஒண்ணு சொல்லணும். 'நீ சரின்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சி'ன்னு. அது வந்து சேந்தாத்தான் ரெண்டு பேரும் பேசுததா அர்த்தம். அது வரலைன்னு வைங்க, இவன் மறுபடியும் 'சரி'ம்பான். மறுபடியும் 'சரி'. அரை செகண்டு விட்டு, ஒரு செகண்டு விட்டு, ரெண்டு செகண்டு, நாலு செகண்டு விட்டுச் சொல்லிக்கிட்டே இருப்பான். முப்பத்திரண்டு செகண்டு பாப்பான். அதுக்கும் பதில் இல்லையா, அந்தப் பக்கம் ஆளே இல்லைன்னு முடிவு பண்ணி வச்சிருவான்.

எதுக்கு இந்தக் கூத்துன்னா, அடியில ஓடுதது யூ.டி.பி.ன்னு ஒண்ணு. காலையில பேப்பர் போடுதவன் சைக்கிள்ல இருந்து வீசிட்டுப் போறாம்லா, அதே சோலி. வீட்டுக்குள்ள விழுந்துதா, சாக்கடையில விழுந்துதா, திரும்பிப் பாக்க மாட்டான். எனக்கு இதுல எல்லாம் அவனத்தான் ரொம்பப் பிடிக்கும். சொல்ல வேண்டியதச் சொன்னமா, போனமா. இந்த 'கேட்டுச்சா, கேட்டுச்சா'ங்குத கொஞ்சலெல்லாம் அவன்கிட்ட கெடயாது. பேச்சு போறது ஆர்.டி.பி.ன்னு வேற தடம். அதனால கூப்பிடுத வழியில கோளாறு இருந்தாலும் அந்த முப்பத்திரண்டு செகண்டும் பேச்சு கணீர்னு கேக்கும். ஒரு பயலுக்கும் சந்தேகம் வராது.

உம் கொட்டுங்க அண்ணாச்சி. என்னது, நாங்குநேரியா? வரட்டும், வரட்டும். ஊரு எங்கயும் ஓடிப் போகாது.

மார்ச் மாசம் அந்த ஆபீஸ்ல இன்டர்நெட் லைன மாத்தினாங்க. நான் போயி ஒரு மணி நேரத்துல எல்லாத்தையும் புது லைனுக்கு மாத்தி, டெஸ்டும் பண்ணிக் குடுத்துட்டு வந்துட்டேன். என் டெஸ்ட் எப்பவும் ஒரே மாதிரிதான். இந்த மேசையில இருந்து அந்த மேசைக்கி. 'ஹலோ, ஒன் டூ த்ரீ, கேக்குதா, வச்சிரு.' பத்து செகண்டு. அதுக்கு மேல பேசுததுக்கு என்ன இருக்கு?

மூணாவது நாளு முப்பிடாதி தன் சொந்த செல்லுல இருந்து கூப்பிடுதா. 'சார், வெளிய இருந்து வார காலெல்லாம் மூணாவது கண்டெய்னர்ல கட்டாவுது சார்'ங்கா.

எப்படி இருக்கு பாருங்க! அங்க என்ன பழக்கம்னா, கப்பல் ஏஜென்ட்டு போன் போட்டுக் கண்டெய்னர் நம்பரச் சொல்லுவான். ஒரு பெட்டிக்கி நாலு எழுத்து, ஏழு நம்பரு. அவன் சொல்லச் சொல்ல இந்தம்மா எழுதும். ரெண்டு நம்பருக்கு ஒரு உம் கொட்டும். உம் கேட்டாத்தான் அவன் அடுத்த நம்பரச் சொல்லுவான். மெயில்ல அனுப்பித் தொலைங்களேம்டான்னா, சாயங்காலம் அனுப்புவாங்க, ஆனா அதுக்கு முன்ன போன்லதான் சொல்லுவாங்க. காதுல விழுந்தாத்தான் அவங்களுக்கு நம்பிக்கை. கம்ப்யூட்டர் வந்து இத்தன வருசமாச்சி, இன்னும் உம் கொட்டித்தான் கப்பல ஓட்டுதாங்க.

நான் கேட்டேன், 'ஏம்மா, போனுக்கு எண்ணத் தெரியுமா? ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணி மூணாவது வந்ததும் வச்சிருதாக்கும்?' அந்தம்மா சிரிக்கல. 'எனக்குத் தெரியல சார். ஆனா மூணாவதுலதான் கட்டாவுது'ன்னா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

சரி, முதலாளி மூஞ்சிக்காக வீட்டுல இருந்தே, ஆபீஸ் போனெல்லாத்தையும் ஓட்டுத கம்ப்யூட்டர்ப் பெட்டிக்குள்ள பூந்து ரெக்கார்டப் பாத்தேன். வெளிய இருந்து வந்த ஒரு கால எடுத்துப் பாக்கேன், ஓகே, ஓகே, ஓகேன்னு வரிசையா பதினோரு ஓகே. அடுத்த கால், அதுலயும் பதினோரு ஓகே. நம்ம வேலை அவ்வளவு சுத்தம். அப்படியே படம் எடுத்து முதலாளிக்கி அனுப்பிட்டேன். 'சார், ஒரு காலுக்குப் பதினோரு ஓகே, இதுக்கு மேல நான் என்ன செய்ய, உங்க ஆபரேட்டருக்கு ரிசீவரப் பிடிக்கத் தெரியல'ன்னு. அவரும் சரின்னுட்டாரு.

அந்தம்மா விடல அண்ணாச்சி. மறுநாளும் போனு. அதுக்கு மறுநாளும். 'சார், மூணாவதுல.' 'சார், இன்னைக்கி ஒருத்தரு வேகமாச் சொன்னாரு, நாலாவதுல கட்டாச்சி.' 'சார், திக்கித் திக்கிப் பேசுதவரு ஒருத்தரு, ரெண்டாவதுலயே கட்டாச்சி.' பாத்தீங்களா? ஒரு நாளைக்கி மூணுங்கா, ஒரு நாளைக்கி நாலுங்கா, ஒரு நாளைக்கி ரெண்டுங்கா. ஒரு பேச்சுல நிக்குதாளா? எனக்கு வந்த எரிச்சல்ல ஒண்ணு சொன்னேன். 'நீங்க நடுவுல நடுவுல உம் கொட்டுதீங்கள்லா, அதுதான் குறுக்க போயி லைனக் கட் பண்ணுது. இனிமே வாயத் தொறக்காம எழுதுங்க'ன்னேன்.

பொய்தான். சுத்தமான பொய். உம் கொட்டி எந்த லைனும் கட்டாகாது. ஆனா ஆள் ஒழிஞ்சாப் போதும்னு ஆயிட்டு. அந்தம்மா நம்பிட்டா. 'சரி சார்'ன்னுட்டு, ஒம்பது நாளு உம் கொட்டல. உதட்டக் கடிச்சிக்கிட்டு எழுதியிருக்கா. அந்தப் பக்கம் இருக்கவன் 'எம்மா, இருக்கியா? கேக்கியா? யாராவது இருக்கீங்களா?'ன்னு கத்துவானாம். இவ வாயே தொறக்க மாட்டாளாம். கடைசியில அதுவும் மூணாவதுல கட்டாகுமாம். எனக்கு இத ஆபீஸ் பியூன் சொன்னான். நான் சிரிச்சே போயிட்டேன்.

பொறவுதான் இறால் பெட்டி விசயம். ஏத்துமதிக்கி மூணு பெட்டி ஐஸ் இறாலு. யார்டுல எறக்கினதும் ஆபீஸ்ல இருந்து நம்பரச் சொல்லி அந்தப் பெட்டிக்கிக் கரண்டு குடுக்க வைக்கணும், இல்லைன்னா உள்ள சூடாகிரும். ஏஜென்ட்டு போன் போட்டு நம்பரச் சொல்லியிருக்கான். ஒண்ணு ஆச்சி, ரெண்டு ஆச்சி, மூணாவது பாதியில கட்டு. மறுபடி போட்டு முதல்ல இருந்து சொன்னான். மறுபடி கட்டு. உம்மும் இல்லையா, எழுதிட்டாங்களா இல்லையான்னு அவனுக்குத் தெரியல. எழுதியிருப்பாங்கன்னு விட்டுட்டான். மூணாவது பெட்டி ஒரு பகல் பூரா வெயில்ல நின்னுச்சி. தூத்துக்குடி வெயில். தொறந்தா, கிட்ட நிக்க முடியல. அந்த நாத்தத்துக்கு நானா பொறுப்பு? சொல்லுங்க. நான் போனுக்குத்தான பொறுப்பு, இறாலுக்குமா?

அன்னைக்கி அந்தம்மா ஒரு வேலை செஞ்சா. சாப்பாட்டு நேரத்துல தன் செல்லுல இருந்து ஆபீஸ் நம்பரப் போட்டு, தானே எடுத்து, ரெண்டையும் மேசையில வச்சிட்டு, சுவத்துக் கடியாரத்துல செகண்டு முள்ளப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கா. யாரும் பேசல. கட்டாச்சி. எழுதினா. மறுபடி. ஆறு தடவை. அந்தப் பேப்பர வச்சிக்கிட்டு லைன் குடுக்க கம்பெனிக்கிப் போன் போட்டிருக்கா. அங்க இருந்தவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டானாம், 'எத்தன செகண்டும்மா?'ன்னு.

முதலாளி என்னயக் கூப்பிட்டு விட்டாரு. எல்லாரும் நிக்காங்க. கையில ஒரு பழைய கேட் பாஸ். அதுக்குப் பின்பக்கம் பேனாவால முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு, முப்பத்திரண்டுன்னு ஆறு வரி. 'இது என்னது ஞானதிரவியம்?'ங்காரு.

முப்பத்திரண்டுன்னு பாத்த உடனே எனக்குத் தெரிஞ்சி போச்சி. இந்தத் தொழில்ல அரிச்சுவடி அது. உள்ள போயி பாத்தேன். புது லைனுக்கு மாத்தும்போது, வெளி விலாசம் எழுத வேண்டிய எடத்துல ஆபீஸ் உள்விலாசத்த எழுதியிருக்கேன். கடுதாசியில அனுப்புநர்னு போட்டு 'மாடி வீடு'ன்னு மட்டும் எழுதினா எவன் பதில் போட முடியும்? வெளிய இருந்து வந்த 'எனக்குக் கேட்டுச்சி'யெல்லாம் ஊர் பேரு இல்லாம எங்கயோ போயிருக்கு. நம்ம போன் பெட்டி 'சரி, சரி, சரி'ன்னு பதினோரு தடவை கத்திப் பாத்துட்டு வச்சிருக்கு. ஒரு வரி. ஒரே வரி அண்ணாச்சி. மாத்தினேன், சரியாப் போச்சி. யானைக்கும் அடி சறுக்கும்.

ஆனா கேக்கேன், அந்தம்மா முதல் நாளே 'முப்பத்திரண்டு செகண்டு'ன்னு சொல்லியிருந்தா ரெண்டு நிமிசத்துல முடிச்சிருக்க மாட்டேனா? மூணாவது கண்டெய்னரு, ரெண்டாவது கண்டெய்னருன்னா மனுசனுக்கு என்ன வெளங்கும்? சொல்லத் தெரியல. சொல்லத் தெரியாதவ பேச்ச எப்படிக் கேக்கது?

முதலாளி வேலைய விட்டு நிறுத்தல. அத ஒத்துக்கிடணும். 'தப்பு யாருக்கும் வரும். இனிமே போன்ல நீங்க எது செஞ்சாலும் முப்பிடாதியம்மா டெஸ்ட் பண்ணிக் கையெழுத்துப் போடட்டும், அப்பத்தான் வேலை முடிஞ்சதா அர்த்தம்'னாரு. யாரு கையெழுத்து? பதிமூணு பட்டன துணி போட்டு மூடி வச்சிருக்கவ கையெழுத்து! போன் பெட்டி இருக்க ரூம் சாவி எங்கிட்டத்தான் இருந்துச்சி, அத அங்கயே மேசையில வச்சிட்டேன். 'வேற ஆளப் பாத்துக்கோங்க சார்'ன்னுட்டு எறங்கி வாரேன், அந்தம்மா வாசல் வரைக்கும் வந்தா. மன்னிப்புக் கேக்கப் போறான்னு நெனச்சேன். 'சார், மத்ததெல்லாம் பரவால்ல. உம் கொட்டாதன்னு சொன்னீங்கள்லா, அது மட்டும்தான் மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சி. உம் கொட்டலைன்னா அந்தப் பக்கம் இருக்கவங்க பயந்துருதாங்க சார்'னா.

பயந்துருதாங்களாம்! கேட்டீங்களா? துறைமுகத்துல இருக்க தடியன்மாரெல்லாம் இவ உம் கொட்டலைன்னா பயந்துருதாங்களாம்.

வீட்டுக்கு வந்து எப்சிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். ஒரு மணி நேரம் சொன்னேன். அவளும் உம் கொட்டிக் கேட்டா. அதுல கொறை சொல்ல மாட்டேன், நல்லா உம் கொட்டுவா. கடைசியில 'அந்தம்மா முதல் நாளே சொல்லியிருக்காங்களேங்க'ன்னா. எனக்குச் சுருக்குன்னு ஏறிட்டு. லேப்டாப்பத் தொறந்து வச்சிக்கிட்டேன். அவ வேற என்னமோ பேச ஆரம்பிச்சா.

அவகிட்ட ஒரு கொறை உண்டு அண்ணாச்சி. பேச்சு பாதியில நின்னுரும். ஏதாவது சேதி சொல்லிக்கிட்டே வருவா, நான் என் வேலையப் பாத்துக்கிட்டிருப்பேன், திடீர்னு சத்தம் இருக்காது. நிமிந்து பாத்தா அடுப்படிக்கிப் போயிருப்பா. பத்தொன்பது வருசத்துல ஒரு சேதியக்கூட முழுசாச் சொல்லி முடிச்சதில்ல. சொல்ல வராது, பாவம். அன்னைக்கும் அப்படித்தான். மறுநாள் சாயங்காலம் ஆளு இல்ல. போன் போட்டா, 'வள்ளியூர்ல பள்ளிக்கூடத்துல எடம் இருக்குன்னு அண்ணன் சொன்னாரு, போயிப் பாக்கட்டுமான்னு மூணு தரம் கேட்டேன், நீங்க ஒரு உம்கூட சொல்லலை'ங்கா. உம் சொல்லலைன்னா என்ன அர்த்தம்? 'போ'ன்னா அர்த்தம்? அன்னைல இருந்து நான் போன் போட்டா அரை நிமிசத்துல வச்சிருதா. நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டிருப்பேன், பாத்தா கட்டாயிருக்கும். செட்டு பழசு. புதுசு ஒண்ணு வாங்கிக் குடுக்கணும்.

ஆனா நேத்து அவளாக் கூப்பிட்டாள்லா. அதுல எனக்கு ஒரு சந்தோசம், ஏன் பொய் சொல்ல. ராத்திரி ஒரே சோத்துப் பானையில கரண்டிய விட்டு எடுத்துத் தின்னு தின்னு ஏழு வாரமாச்சி. வீட்டுக்குள்ள சத்தமே இல்ல. நான்தான் தனியாப் பேசிக்கிட்டுக் கெடக்கேன். நாலு மணிக்கு அவ பையோட நிப்பா, நான் போயி எறங்கி 'வா'ன்னுவேன். அவ்வளவுதான், வேற ஒண்ணும் பேச வேண்டாம்.

மணி என்ன ஆச்சி? மூணு அம்பத்தஞ்சு. வந்துருக்கணுமே. இதென்ன ரோட்டோரம் பூரா கரண்டுக் காத்தாடியா நிக்கி? என்ன போர்டு அது? பணகுடியா?

பணகுடி எப்படி இங்க வரும்? வள்ளியூரு தாண்டித்தான பணகுடி?

என்ன சொல்லுதீங்க? மெதுவாச் சொல்லுங்க. எண்ட் டு எண்ட்டா? நாகர்கோவில் தவிர எங்கயும் நிக்காதா? பைபாஸ்லயே வந்துட்டானா? யோவ், அத ஏன்யா முன்னாலயே சொல்லல! ஏறினதும் சொல்ல வந்தீங்களா? நாங்குநேரியிலயுமா? வாய்க்குள்ளயே வச்சிக்கிட்டிருந்தா எனக்கு எப்படித் தெரியும்? சத்தமாச் சொல்லணும்யா, கைய பிடிச்சி நிறுத்திச் சொல்லணும்!

கண்டக்டர்! ஏ கண்டக்டர்! நிப்பாட்டுய்யா, எறங்கணும். என்னது? ஏறும்போதே சொன்னியா? நான் தலைய ஆட்டினேனா? தலைய ஆட்டினா கேட்டுச்சின்னு அர்த்தமா? நிப்பாட்ட முடியாதா? நாகர்கோவில் வடசேரி ஸ்டாண்டுலதானா? நல்லா இருப்ப, போ. உன் மூஞ்சிக்கி இந்த வேலையக் குடுத்தான் பாரு, அவனச் சொல்லணும்.

விடுங்க அண்ணாச்சி, கைய விடுங்க, போன் பண்ணிக்கிடுதேன்.

ஹலோ, எப்சி? நான்தான். நிக்கியா? பஸ் ஸ்டாண்டுலயா? இந்தா, பஸ்ஸு பைபாஸ்ல போயிட்டுட்டி. இந்தக் கண்டக்டர் மூதி ஒண்ணும் சொல்லல, பக்கத்துல ஒரு ஆளு, அவரும் வாயத் தொறக்கல. என்னது? எந்தப் பஸ்ஸுல ஏறாதீங்கன்னு சொன்ன? நேத்தா? நீ எங்கட்டி சொன்ன, நீ பாதியில வச்சிட்டியே. சரி, சரி, இப்ப அதுவா முக்கியம், நான் சொல்லுததக் கேளு. நாகர்கோவில்ல எறங்கி அடுத்த பஸ்ஸப் பிடிச்சி ஆறு மணிக்குள்ள வந்துருதேன். நீ அங்கயே நில்லு. கேக்குதா? எப்சி? ஒரு உம் சொல்லு. சரின்னு சொல்ல வேண்டாம், உம்முன்னு மட்டும் சொல்லு. ஏட்டி, இருக்கியா? எப்சி...

வச்சிட்டா.

எவ்வளவு நேரம்னு பாருங்க. இருபத்தெட்டு செகண்டு. தகரப் பெட்டி, அதுவே முப்பத்திரண்டு வரைக்கும் பாக்கும் அண்ணாச்சி. இவ நாலு செகண்டு முன்னாலயே வச்சிட்டா.

மறுபடி போட்டா எடுக்க மாட்டேங்கா. மணி அடிக்கி, எடுக்க மாட்டேங்கா.

நாலரை வரைக்கும் நிப்பேன்னுதான சொன்னா? இப்ப நாலுதான ஆகுது. நிப்பா. கோவத்துல வச்சிருப்பா, நிப்பா. என்ன சொல்லுதீங்க? நிப்பாள்லா?

ஏன் அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க? நான் பேசுதது கேக்குதா இல்லையா? ஏதோ எரிச்சல்ல ஒரு வார்த்தை சொல்லிட்டேன், சவத்த விடுங்க. இந்தப் பக்கம் பாருங்க. ஒண்ணும் பேச வேண்டாம். வடசேரி வரைக்கும் ஒரு உம் மட்டும் கொட்டிக்கிட்டு வாங்களேன்.

அண்ணாச்சி?